லாபக் கணக்கு இல்லாமல் தினமும் செய்கிற ஒரு காரியம் உங்களுக்கு உண்டா?

சோழிங்கநல்லூர்வாசி | ஞாயிறு, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 38 வயது. ஐ.டி. வேலை, டெஸ்டிங் டீம். போன ஜூன் கடைசியிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். காலை 4.45க்கு எழுந்திருப்பது, பச்சைத் தண்ணீர்க் குளியல், பத்து நிமிஷம் தியானம், டைரி ஒரு பக்கம், புத்தகம் பத்துப் பக்கம், படுப்பதற்குள் 10,000 ஸ்டெப்ஸ். எல்லாவற்றையும் ஓர் ஆப்பில் டிக் அடிக்க வேண்டும். 211 நாள் ஒன்றுகூட விடவில்லை. ஆபீஸில் என்னைப் பார்த்து இரண்டு பேர் ஆரம்பித்தார்கள்.

ஜனவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. முதல் நாள் ராத்திரி ஐ.சி.யூ.வுக்கு வெளியே அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். மணி 11.20. கையில் வாட்ச் அதிர்ந்தது. இன்னும் 1,900 ஸ்டெப்ஸ் பாக்கி. எழுந்து காரிடாரில் நடக்க ஆரம்பித்தேன். லிஃப்ட் வரை போவேன், திரும்புவேன், மறுபடி லிஃப்ட். 11.52க்கு முடிந்தது. வாட்சில் மத்தாப்பு மாதிரி ஒரு படம் வந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அம்மா கேட்டாள்: "டாக்டர் ஏதாவது சொன்னாராப்பா? இப்படி அலையறியே."

பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் கழற்றிய வாட்சை இன்னும் கட்டவில்லை.

அப்பா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கால் இன்னும் சரியாகவில்லை. என் பழைய ஒழுங்குக்குத் திரும்ப மனம் வரவில்லை. ஒன்றுமே இல்லாமல் இருந்தாலும் நாள் சிதறிப் போகிறது. தியானம்கூட எனக்கு டிக் அடிக்க வேண்டிய ஒரு வரியாகிவிட்டிருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது. நம்மில் யாராவது, முன்னேறுவதற்காக இல்லாமல் மனசு அடங்கி இருப்பதற்காக மட்டும் தினமும் ஏதாவது செய்கிறீர்களா? அதை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

நடைமருந்து | ஞாயிறு, இரவு 10.47

அப்பா தேறி வர வேண்டிக்கொள்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். உங்களை அன்று எழுப்பி நடக்கவைத்த எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

10,000 என்பது எந்த மருத்துவரும் கண்டுபிடித்த அளவு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965ல், ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. பெயர் மன்போ-கெய். 'பத்தாயிரம் அடி அளவி' என்று அர்த்தம். கருவியை விற்க வைத்த பெயர் உலகத்துக்கே விதியாகிவிட்டது. 2019ல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர், சராசரி 72 வயதுள்ள 16,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு நன்றாகவே குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. வயதான பெண்களிடம் பார்த்தது அது, எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 1,900 அடி பாக்கியிருந்தால் குடி முழுகியிருக்காது.

நடப்பதை விட்டுவிடாதீர்கள். அப்பாவோடு நடங்கள், அவர் வேகத்தில். எவ்வளவு தூரம் என்பதை அவருக்குப் பார்க்கிற பிசியோ சொல்லட்டும்.

சிங்காநல்லூர் பெரியவர் | திங்கள், காலை 6.05

தம்பிக்கு வணக்கமுங்க. அப்பா சீக்கிரம் நல்லாகோணும்.

நானு 31 வருசம் மில்லுல இருந்தனுங்க, ஸ்பின்னிங்ல. அப்பவெல்லாம் சங்கு ஊதுனா ஊரே எந்திரிக்கும். மில்லுல டைம் ஸ்டடின்னு ஒருத்தரு வருவாரு. கையில ஸ்டாப் வாட்சு, ஒரு அட்டை. இழை அந்து போனா அதை எடுத்து ஒட்ட எனக்கு எத்தனை செகண்டு ஆகுதுன்னு முதுகுக்குப் பின்னால நின்னு எழுதுவாரு. அவரு நிக்கற அன்னிக்கு மத்தியானம் சோறு எறங்காதுங்க. அமெரிக்காவுல டெய்லருங்கறவரு இரும்பு ஆலைல 1880கள்ல ஆரம்பிச்சு வெச்சதுன்னு சங்கத்து வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க. அந்த ஆளு பின்னால நிக்கக் கூடாதுன்னு நாங்க கேட் முன்னால உக்காந்து போராடியிருக்கறோம். இப்ப அதே வாட்ச நம்ம புள்ளைங்க காசு குடுத்து வாங்கிக் கையில கட்டிக்கறதப் பாத்தா நெஞ்சு வலிக்குதுங்க.

நான் செய்யறது ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாசத் திண்ணைல உக்காருவேன். போனு உள்ள கெடக்கும். ரோட்டப் பாத்துட்டு இருப்பேன். வெளக்கு வெக்கற நேரம் உள்ள போயிருவேன். அவ்வளவுதானுங்க. ரிட்டயர் ஆன மொத ஆறு மாசம் அது என்னால முடியல. உக்காந்தா காது சங்கைத் தேடும். கை சும்மா இருக்காது, துண்டு நுனிய முறுக்கிட்டே இருக்கும். தானா அடங்குச்சு. நானா அடக்கலீங்க.

நைட்டூட்டி | திங்கள், காலை 9.20

அண்ணா, நான் ஸ்டாஃப் நர்ஸ். இப்பதான் டூட்டி முடிஞ்சு வந்து உங்க பதிவைப் படிச்சேன்.

உங்களை நீங்களே ரொம்பத் திட்டிக்காதீங்க. ஐ.சி.யூ. வெளியே நடக்கிற பேஷண்ட் அட்டெண்டர்ஸை நான் 9 வருஷமா பாக்குறேன். வாட்ச் இல்லாதவங்களும் நடப்பாங்க. ஒருத்தர் விடிய விடிய டைல்ஸ் கோட்டுக்குள்ளேயே கால் வெச்சு நடந்தார். உடம்புக்கு அந்த நேரத்துல ஏதாவது செஞ்சாகணும். நீங்க நடந்ததுல பாதி அந்தப் பயம்தான்னு எனக்குத் தோணுது. வாட்ச் மேல பழி போட்டது நீங்க.

உங்க கேள்விக்கு வரேன். எனக்கு ஒரு வாரம் மார்னிங், ஒரு வாரம் நைட். மணியை வெச்சு எதையும் பழக முடியாது. எவ்வளவோ முயற்சி பண்ணி விட்டுட்டேன். மணிக்குப் பதிலா வாசப்படியை வெச்சுக்கிட்டேன். எந்த ஷிஃப்ட் முடிஞ்சு வந்தாலும் வாசல்ல ஒரு வாளித் தண்ணி இருக்கும். சின்ன வயசுல பாட்டி "கால் கழுவிட்டு உள்ள வா"ன்னு சொல்வாங்கல்ல, அதேதான். முட்டிக்குக் கீழே மெதுவா ஊத்துவேன். குதிகால், விரலிடுக்கு. தண்ணி படிக்கட்டுல ஓடி செம்பருத்திக்குப் போற வரைக்கும் நின்னு பார்ப்பேன். ரெண்டு நிமிஷம் ஆகும். வார்டுல அன்னிக்கு யாராவது இறந்திருந்தா இன்னொரு சொம்பு ஊத்துவேன். ஏன்னு கேட்டா தெரியாது. அதுக்கப்புறம்தான் என் பொண்ணைத் தூக்குவேன்.

மாம்பலம் பேத்தி | திங்கள், மதியம் 1.33

எல்லோரும் எண்ணுவதைக் குற்றவாளியாக்குகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எங்கள் பாட்டி ஸ்ரீராமஜெயம் எழுதுவார். நீளமான ரூல் போட்ட நோட்டு, சிவப்பு மை. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு, ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் மொத்தம். லட்சம் முடிந்ததும் துண்டுத் தாள்களில் தனியாக எழுதி, மாலையாகக் கட்டி ஆஞ்சநேயருக்குச் சாத்திவிட்டு அடுத்த லட்சத்தை ஆரம்பித்தார். ஆப் வைத்திருப்பவரைவிடத் துல்லியமான கணக்கு அவருடையது. ஆனால் அவரைப் போல அமைதியான மனுஷியை நான் பார்த்ததில்லை. ஜபமாலையில் 108 மணி இருக்கிறது. காந்தி தினமும் எத்தனை கெஜம் நூல் நூற்றோம் என்று கணக்குப் பார்த்தவர். எண்ணிக்கை மனசை ஓர் இடத்தில் கட்டிப்போடுகிற கயிறு. அதைக் குறை சொல்லாதீர்கள்.

யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு வித்தியாசம் தெரிகிறது. காய்ச்சல் வந்து பாட்டி நாலு நாள் எழுதவில்லை என்றால் ஐந்தாம் நாள் விட்ட இடத்திலிருந்து எழுதுவார். அந்த நாலு நாள் அவர் கணக்கிலேயே வராது. உங்கள் ஆப் நாலு நாள் விட்டால் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடும், இல்லையா? 211 நாள் செய்தவனை ஒன்றுமே செய்யாதவன் ஆக்கிவிடும். கோளாறு அங்கேதான்.

காயல்காற்று | திங்கள், இரவு 9.58

மாம்பலத்துச் சகோதரி சொன்னது சரியான பேச்சு.

எனக்கு நெல்லையில் ஜவுளிக்கடை. தொழுகைக்குப் பிறகு விரல் கணுக்களில் தஸ்பீஹ் என்கிற இறைத்துதியை எண்ணுவோம். 33, 33, 34. நூறு ஆனதும் முடிந்தது. மறுபடி தொழும்போது ஒன்றிலிருந்து. கூட்டி வைப்பது நம் வேலை இல்லை, அது அல்லாஹ்விடம் இருக்கிறது.

லுஹர் என்கிற மதியத் தொழுகை நேரம்தான் எனக்குச் சோதனை. கடையில் கூட்டம் இருக்கும். முன்பெல்லாம் "இந்த ஒரு பில்லை முடித்துவிட்டு" என்று தள்ளுவேன், அடுத்த தொழுகையான அஸருக்குப் பாங்கு வந்துவிடும். வாப்பா ஒருநாள் கடைக்கு வந்தவர் ஒன்றும் சொல்லாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போனார். துணியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். அன்றிலிருந்து பாதி ஷட்டர்தான். அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டொரு வியாபாரம் போயிருக்கும். எத்தனை போனது என்று நான் பார்த்ததில்லை.

தனியாக ஒரு பழக்கத்தைத் தூக்கி நிறுத்துவது கஷ்டம், தம்பி. பாங்கு எனக்காக மட்டும் சொல்லப்படுவதில்லை. ஊரே எழும்போது எழுவது லேசு. நீங்கள் எதை எடுத்தாலும் வீட்டில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சி டீச்சர் | செவ்வாய், இரவு 11.15

இந்த நேரத்துக்குத்தான் எனக்குப் போன் கையில் கிடைக்கிறது. எல்லாப் பதிவுகளையும் படித்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தொண்டையை அடைக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

திண்ணை, பாதி ஷட்டர், தியானம், டைரி. அந்த நேரத்தில் அடுப்பில் பாலை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? 2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அப்போது ஒரு நாளைக்கு 299 நிமிஷம் அதில் செலவழித்தார்கள். ஆண்கள் 97. இடையில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அமைதி யாருக்குக் கிடைக்கும் என்பது அந்த மூன்று மணி நேரத்தில் இருக்கிறது.

கோலம் போட்டால் மனசு அமைதியாகும் என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் மாமியாருக்கு அது உண்மை. குனிந்து 15 புள்ளி வைத்து, ஊடுபுள்ளி வைத்து, சிக்கு இழுக்க ஆரம்பித்தால் அவர் வேறு உலகத்தில் இருப்பார். எனக்கு அது 7.40 பஸ்ஸுக்கு முன்னால் முடிக்க வேண்டிய ஒன்பது வேலைகளில் முதல் வேலை. அதே வாசல், அதே மாவு. இன்றைக்குப் போடாவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்ற நிலை வந்தால் ஒருவேளை நானும் ரசித்துப் போடுவேன்.

யாரையும் புண்படுத்த எழுதவில்லை.

சிங்காநல்லூர் பெரியவர் | புதன், காலை 5.50

டீச்சரம்மா, ராத்திரி உங்க எழுத்தப் படிச்சதுல இருந்து தூக்கமில்லீங்க.

நான் திண்ணைல உக்காந்திருந்த அத்தனை வருசமும் எம் பொஞ்சாதி உள்ள அடுப்புகிட்டதான் நின்னா. நடுவுல காப்பி கொண்டாந்து பக்கத்துல வெச்சுட்டுப் போவா. ஒருநாளும் "நீயும் உக்காரு"ன்னு நான் சொன்னதில்லீங்க. சொன்னாலும் உக்காந்திருக்க மாட்டா, சோறு யாரு ஆக்கறதும்பா. அந்தச் சோத்த நான் ஆக்கியிருக்கலாம். அவ போயி ரெண்டு வருசமாச்சு. இப்ப நானே காப்பி வெச்சுக்கறேன்.

சோழிங்கநல்லூர் தம்பி, உங்க வீட்டுல இருக்கறவங்ககிட்ட கேளுங்க கண்ணு. மொதல்ல அதக் கேளுங்க.

ஸ்காபரோ சிவா | புதன், மாலை 4.40

நான் கனடா வந்து 19 வருசம். ஊர் யாழ்ப்பாணத்தில வடமராட்சிப் பக்கம். டீச்சர் சொன்ன கதை எங்கட வீட்டுக்கும் பொருந்தும். ஆனா இன்னொண்டையும் சொல்லோணும் போல கிடக்கு.

விடிய அம்மா வீட்டு வாசல் முத்தம் கூட்டுவா. எங்கட பக்கம் குருமணல். விளக்குமாறு போன தடம் அரைவட்டம் அரைவட்டமா மணலில விழும். அம்மா பின்பக்கமா நடந்து நடந்து கூட்டுவா, தன்ர காலடி அதில விழக்கூடாதெண்டு. நாங்கள் சின்னனில வேணுமெண்டே அதுக்கு மேல ஓடுவம். ஏச்சு விழும்.

இஞ்ச ஜனவரியில நான் விடிய நாலரைக்கு ட்ரைவ்வேயில ஸ்னோ வழிக்கிறன். ஃபேக்டரிக்கு வெளிக்கிட முதல் வழிச்சாத்தான் கார் எடுக்கலாம். கட்டாய வேலைதான். முதல் கொஞ்சக் காலம் திட்டித் திட்டித்தான் செய்தனான். ஒருநாள் பாத்தா நானும் பின்பக்கமா நடந்து கொண்டிருக்கிறன், என்ர சப்பாத்துத் தடம் விழக்கூடாதெண்டு. அண்டைக்கு அதில நிண்டு அழுதனான். இப்ப ஸ்னோ கொட்டினா எனக்குக் கோவம் வாறேல்ல. திரும்பி வரேக்க தடம் எல்லாம் மூடுப்பட்டுத்தான் கிடக்கும், அது வேற கதை.

அருணைநடை | வியாழன், காலை 7.02

திருவண்ணாமலையிலிருந்து எழுதுகிறேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நிறைமாத கர்ப்பிணி நடப்பதுபோல நடக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது பௌர்ணமி இரவில் "மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிட்டேன்" என்று ஆப்பைக் காட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். மலையைப் பார்க்கக்கூட அவர்களுக்கு நிற்க நேரமில்லை.

ரமண மகரிஷி தன் ஆசிரமத்தில் விடியும் முன்பே சமையல்கூடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்குவார். இலை தைப்பார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து அவரைத் தேடி வந்தார்கள், அவர் கையில் அரிவாள்மணை வேலை இருந்தது. உட்கார்ந்து கண்ணை மூடுவது வராதவர்கள் கைக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். இதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சோழிங்கநல்லூர்வாசி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மன்னியுங்கள். எல்லாவற்றையும் பல முறை படித்தேன். நர்ஸ் தங்கை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்ல பொண்ணு" என்றாள்.

பெரியவர் சொன்னபடி, உட்கார விடாத வேலை எது என்று வீட்டில் கேட்டேன். மனைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ராத்திரி பாத்திரம்" என்றாள். 12 வருஷமாக அந்தப் பாத்திரத்தை நினைத்துக்கொண்டே அவள் சாப்பிட்டிருக்கிறாள். இப்போது அது என்னுடையது. அவள் மாடிக்குப் போய்விடுகிறாள். அங்கே என்ன செய்கிறாள் என்று நான் கேட்பதில்லை.

இரண்டாவது, கீரை. பக்கத்துக் காலி மனையில் முருங்கை மரம் நிற்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் அம்மாவும் நானும் கொத்தை ஒடித்து வந்து முறத்தை நடுவில் வைத்து உருவுகிறோம். ஈர்க்கின் நுனியை இடது கையில் பிடித்து, வலது கை விரலிடுக்கில் கொடுத்து அடிப்பக்கமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் காம்பும் சேர்ந்து வந்துவிடும். பழுத்த இலையைத் தனியாக எடுக்க வேண்டும். கட்டெறும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சித்தி போனில், "ராத்திரி துணியில் சுற்றி வை, காலையில் உதறினால் தானாகக் கொட்டிவிடும், எதற்கு மெனக்கெடுகிறீர்கள்" என்றாள். உண்மைதான், கொட்டிவிடும். எனக்கு ஆசைகூட வந்தது. அம்மா சொன்னாள்: "சீக்கிரம் முடிச்சு என்ன பண்ணப் போற? மெதுவா உருவு." அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அவள் அந்த ஐ.சி.யூ. ராத்திரியைப் பற்றி முதல் தடவையாகப் பேசினாள். அப்பாவுக்கு அன்று மத்தியானமே நாக்கு குழறியதாம். வெயில் அசதி என்று நினைத்துவிட்டாளாம். இத்தனை நாளாக மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். கையில் கீரை இல்லையென்றால் அதைச் சொல்லியிருப்பாளா என்று தெரியவில்லை.

அப்பா வாக்கரோடு தெருவில் நடக்கிறார். ஐந்தாவது வீடு வரை, பிசியோ சொன்ன தூரம். ஒவ்வொரு கேட்டிலும் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். மூன்றாவது வீட்டு நாய் அவருக்குப் பழகிவிட்டது. நான் கூடவே நிற்கிறேன். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இப்போதும் மனசு உள்ளே எண்ணுகிறது. 41, 42, 43. நிறுத்தப் பார்ப்பேன், அது பாட்டுக்கு எண்ணும். பெரியவருக்கு ஆறு மாசம் ஆனதை நினைத்துக்கொள்கிறேன்.

டீச்சர், நீங்கள் எழுதியது இந்த வீட்டில் இன்னும் பேச்சாக இருக்கிறது. நன்றி.

திருச்சி டீச்சர் | திங்கள், இரவு 8.10

மணியைப் பாருங்கள், இன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டேன்.

இந்த இழையை என் கணவருக்கு அனுப்பினேன். எதுவும் எழுதாமல் அனுப்பினேன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், செவ்வாயும் வியாழனும் காலையில் பிள்ளைகளைக் கிளப்பி டிஃபன் பாக்ஸ் கட்டுவது என் வேலை என்றார். கட்டுகிறார். தண்ணீர் பாட்டில் மறந்துபோகிறது, நான் வாயைத் திறப்பதில்லை.

முதல் செவ்வாய் எனக்கு அரை மணி நேரம் கிடைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பாத்ரூமைத் தேய்த்துக் கழுவினேன். வியாழக்கிழமை அலமாரியை அடுக்கினேன். போன செவ்வாய் வாசற்படியில் உட்கார்ந்தேன். மாமியார் கோலத்தை முடித்துவிட்டு மாவுக் கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேசவில்லை. தண்ணி லாரி வந்தது, குடம் வைத்தார்கள், போனது. நாளைக்கும் செவ்வாய்தான்.